ப்ளக்-இன் சிபாரிசு: சேர்க்கச் சொல்றாங்க, எடுக்கச் சொல்ல ஆள் இல்ல

மக்களே, வேர்ட்பிரஸ்ல வலைப்பதிவு வச்சிருக்கவங்க எல்லாரும் ஒரு தடவையாவது அந்தப் பக்கத்துக்குப் போயிருப்பீங்க. டாஷ்போர்டுல ப்ளக்-இன் சேர்க்குற இடத்துல 'சிறப்பு', 'பிரபலம்' இதுக்கெல்லாம் பக்கத்துல 'பரிந்துரை'ன்னு ஒரு தாவல் இருக்கும். அதை அழுத்தினா, நீங்களும் மற்ற பயனர்களும் நிறுவியிருக்கும் ப்ளக்-இன்களை வச்சு இந்தப் பரிந்துரைகளைத் தர்றோம்னு ஒரு வரி வரும். அதுக்குக் கீழ பெட்டி பெட்டியா ப்ளக்-இன்கள், ஒவ்வொண்ணுலயும் 'இப்போதே நிறுவு' பொத்தான். (நீட்சின்னும் சொல்லலாம், செருகுநிரல்னும் சொல்லலாம். நான் ப்ளக்-இன்னே சொல்லிக்கிறேன், தனித்தமிழ் நண்பர்கள் சண்டைக்கு வராதீங்க.)

2014 டிசம்பர்ல வந்த 4.1 பதிப்புல இருந்து இது இருக்கு. பார்க்க நல்ல ஏற்பாடாத்தான் தெரியும். கிடங்குல ஏறத்தாழ 60,000 ப்ளக்-இன் இருக்கறப்போ யாராவது கைகாட்டினா நல்லதுதானே?

எனக்கு அதுல ஒரு பெரிய மாற்றுக்கருத்து உண்டு. என் வீட்டுல என்னென்ன இருக்குன்னு பட்டியல் வச்சிருக்கிற ஒருத்தர், அடுத்து என்ன வாங்கணும்னு சொல்றதை விட, இருக்கிறதுல எதைத் தூக்கிப் போடணும்னு சொன்னா எனக்கு பத்து மடங்கு உபயோகம். அந்தப் பட்டியல் அதுக்குத்தான் லாயக்கு. ஆனா யாரும் அதுக்குப் பயன்படுத்துறதில்ல.

மொதல்ல, என்கிட்ட என்ன இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? இதுல ஒளிவுமறைவு ஒண்ணும் இல்ல, நிரலைத் திறந்து படிச்சாலே தெரிஞ்சுடும். புதுப் பதிப்பு ஏதாவது வந்திருக்கான்னு கேட்க உங்க தளம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வேர்ட்பிரஸ் வழங்கியைக் கூப்பிடும். கூப்பிடும்போது உங்க ப்ளக்-இன் பட்டியல் முழுசையும் நீட்டும். எது ஓடிக்கிட்டிருக்கு, எது சும்மா கிடக்குங்கிற விவரமும் அதுலயே போயிடும். நீங்களே உங்களுக்காக எழுதின குட்டி ப்ளக்-இன் இருந்தா அதோட பேரும் போகும். உங்க தளத்தோட முகவரியும் போகும்.

இந்த ஏற்பாடு 2007 செப்டம்பர்ல 2.3 பதிப்புல வந்தப்பவே சர்ச்சையாச்சு. பட்டியல் சரி, முகவரி எதுக்குன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ரேஷன் கடையில கார்டை நீட்டுறோம், சரி. அரிசி வாங்கறதுக்கு வீட்டுல எத்தனை பாத்திரம் இருக்குன்னு எதுக்குச் சொல்லணும்? இன்னிக்கும் இந்த அனுப்பலை நிறுத்த டாஷ்போர்டுல ஒரு பொத்தான் கிடையாது. அதுக்குன்னு தனியா ஒரு ப்ளக்-இன் போடணும். (சிரிக்காதீங்க, நிஜம்.)

நிற்க. புதுப்பிப்புக்காகப் பட்டியல் போறதை நான் குத்தம் சொல்லல. ஓட்டை விழுந்த பழைய பதிப்பை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கறதை விட அது எவ்வளவோ மேல். என் கேள்வி, போன பட்டியலை வச்சு என்ன பண்றாங்கங்கிறதுதான்.

நிறுவியிருக்கேன்னா எனக்குப் பிடிச்சிருக்குன்னு அர்த்தமா? தமிழ்நாட்டுல எந்த வீட்டுப் பரணைத் திறந்தாலும் கல்யாணத்துக்கு மொய்யோட வந்த சுவர்க்கடிகாரம் நாலு இருக்கும். அதைப் பார்த்துட்டு இந்த வீட்டுக்காரருக்குக் கடிகாரம்னா உயிரு போலன்னு அஞ்சாவதா ஒண்ணை நீட்டினா எப்படி இருக்கும்? ப்ளக்-இன் பட்டியலும் பரண் மாதிரிதான். ஹலோ டாலி எத்தனை லட்சம் பேர் தளத்துல கிடந்திருக்கும்! யாரும் தேடிப் போய் போட்டது இல்ல, வேர்ட்பிரஸ் கூடவே வந்து இறங்கினது. எரிதத்தைத் தடுக்கிற அகிஸ்மெட்டும் 2005 டிசம்பர்ல வந்த 2.0-ல இருந்து அப்படித்தான். இதுங்க போக, ஹோஸ்டிங்காரங்க ஒரே அழுத்துல வேர்ட்பிரஸ் போட்டுத் தரும்போது அவங்க பங்குக்கு நாலைஞ்சை உள்ள தள்ளிடுவாங்க. காசு கொடுத்து வாங்குற தீம் எல்லாம் 'இந்த மூணு ப்ளக்-இன் இருந்தாத்தான் நான் ஓடுவேன்'னு அடம்பிடிக்கும். அப்புறம் நம்ம ஆளுங்க, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பொழுது போகாம பதினஞ்சைப் போட்டுப் பார்த்து, பன்னெண்டை முடக்கி வச்சு, அழிக்க மறந்துட்டுப் போயிருப்பாங்க.

இத்தனையும் சேர்ந்ததுதான் பட்டியல். இதுல என் விருப்பம்னு எதைப் பிரிச்சு எடுப்பீங்க?

சரி, இந்த மாதிரி சிபாரிசு எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பார்ப்போம். 'இதை வாங்கினவர்கள் அதையும் வாங்கினார்கள்' வகையறாதான். அமேசான்ல வேலை பார்த்தவங்க 2003-ல கட்டுரையாவே எழுதினாங்க. ஆளையும் ஆளையும் ஒப்பிடறதை விட்டுட்டுப் பொருளையும் பொருளையும் ஒப்பிடு. எந்த ரெண்டு பொருள் ஒரே கூடையில அடிக்கடி சேர்ந்து வருதுன்னு எண்ணி வச்சுக்கோ. ஒருத்தர் கூடையில முதல் பொருள் இருந்தா ரெண்டாவதை நீட்டு. அவ்வளவுதான் அடிப்படை.

இதுல ஒரு பொறி இருக்கு. 1000 வலைப்பதிவு இருக்குன்னு வச்சுக்குவோம். அதுல 900-ல எரிதத் தடுப்பு ஒண்ணு இருக்கு. தமிழ்த் தேதி காட்டுற ப்ளக்-இன் 10 பேர்கிட்ட மட்டும். அந்தப் பத்துல ஒம்பது பேர்கிட்ட எரிதத் தடுப்பும் இருக்கும். உடனே 'தமிழ்த் தேதி வச்சிருக்கவங்கள்ல 90 சதவீதம் பேர் எரிதத் தடுப்பு வச்சிருக்காங்க, உங்களுக்கும் சிபாரிசு'ன்னு சொன்னா அதுல என்ன சேதி இருக்கு? ஊர்ல மொத்தமே 90 சதவீதம்தானே. அதே நேரம், தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்துல முகவரியா மாத்துற ப்ளக்-இன் ஒண்ணு மொத்தமே 8 பேர்கிட்ட இருக்கு, அதுல 6 பேர் அந்தத் தமிழ்த் தேதி ஆளுங்கன்னு வைங்க. ஊர்ல 0.8 சதவீதம், இந்தக் கூட்டத்துல 60 சதவீதம். 75 மடங்கு. இதுதான் சேதி. கணக்கு தெரிஞ்சவங்க இந்த மடங்கைத்தான் பார்ப்பாங்க.

ஆனா நடைமுறையில 6 பேர், 8 பேர்ங்கிறதை எந்தக் கணக்குப்பிள்ளையும் நம்ப மாட்டான். தற்செயலா இருக்கலாம்னு ஒரு கீழ் வரம்பு வச்சு வெட்டிடுவான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா வெட்டுப்படுறது யாரு? சின்ன மொழிக்காரங்க. மிச்சம் நிக்கிறது லட்சக்கணக்குல ஏற்கெனவே இருக்கிற பெரிய தலைகள். 'பரிந்துரை' தாவல் 'பிரபலம்' தாவலோட தம்பி மாதிரி தெரியறது ஏன்னு இப்பப் புரியுதா?

நமக்கு உண்மையிலேயே என்ன வேணும்னு ஒரு உதாரணம் சொல்றேன். வேர்ட்பிரஸ்ல பதிவோட முகவரித் துண்டுக்கு 200 எழுத்துதான் இடம். ஆங்கிலத்துக்கு அது ஏக்கர் கணக்குல இடம். தமிழ்ல தலைப்பு வச்சா முகவரியில அது சதவீதக் குறி போட்ட எண்ணும் எழுத்துமா மாறிடும். யூனிகோட்ல ஒரு குறிக்கு 9 இடம் பிடிக்கும். 'க'வுக்கு 9, 'கி'ன்னா மேல்விலங்கையும் சேர்த்து 18. 'வணக்கம்'ங்கிற ஒரு சொல்லுக்கு மட்டும் 63. மூணு வணக்கம் சொன்னா நடுவுல வர்ற கோடுகளோட சேர்த்து 191 ஆயிடும், நாலாவது வணக்கத்துக்கு இடம் இல்ல! உங்க பழைய பதிவுகளோட முகவரி பாதியில அறுந்து நிக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

ரஷ்யாக்காரங்களுக்கும் இதே தொல்லை உண்டு. அவங்களுக்குன்னு சிரிலிக் எழுத்தை லத்தீனா மாத்துற ப்ளக்-இன் இருக்கு, கூட்டம் இருக்கறதால அது பட்டியல்ல மேல வந்துடும். தமிழ்ல எழுதுறவருக்கு இந்தத் தொல்லை இருக்குன்னு தெரிஞ்சுக்க அவரோட ப்ளக்-இன் பட்டியலையே பார்க்க வேண்டாம். தளத்தோட மொழி தமிழ்னு ஏற்கெனவே சொல்லித்தானே வச்சிருக்கோம், அந்த ஒரு தகவல் போதும். ஆனா எனக்கு வர்றது என்ன? கடை வைக்கிற ப்ளக்-இன், பக்கம் கட்டுற ப்ளக்-இன், படிவம் போடுற ப்ளக்-இன். நான் என்ன கடையா வச்சிருக்கேன்? மொக்கைதானே போட்டுக்கிட்டிருக்கேன் :-)

இ-கலப்பையும் என்எச்எம் ரைட்டரும் நமக்கெல்லாம் எப்படி வந்து சேர்ந்துதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஃபயர்ஃபாக்ஸுக்குத் தமிழ்விசை நீட்சி எப்படி வந்தது? ஒருத்தர் பதிவுல எழுதினாரு, இன்னொருத்தர் கேட்டாரு, 'அஞ்சல் முறை வருமா, தமிழ்99 வருமா'ன்னு நாலு பேர் விசாரிச்சாங்க, பரவிச்சு. எந்தப் பட்டியலும் சொல்லல.

அடுத்தது இன்னும் பெரிய கோளாறு. கடையில ஒருத்தர் ரெண்டு தோசைக்கல் வாங்கினா வீடு இடிஞ்சுடாது. ப்ளக்-இன் அப்படி இல்ல. பல ப்ளக்-இன்கள் ஒண்ணுக்கு ஒண்ணு மாற்று, ரெண்டும் சேர்ந்து இருக்கவே கூடாது. பக்கத்தைச் சேமிச்சு வச்சு வேகமாத் தர்ற கேஷ் ப்ளக்-இன்களை எடுத்துக்கோங்க. டபிள்யூபி சூப்பர் கேஷும் டபிள்யூ3 டோட்டல் கேஷும் வேலை செய்ய 'அட்வான்ஸ்டு-கேஷ்'ங்கிற ஒரே கோப்புல போய் உட்காரணும். நாற்காலி ஒண்ணுதான். ஆனா பட்டியல்ல பார்த்தா ரெண்டும் பல தளங்கள்ல சேர்ந்தே தெரியும். ஏன்னா ஒண்ணு சரி வரலைன்னுதான் இன்னொண்ணைப் போட்டிருப்பாங்க, முதலாவதை முடக்கிட்டு அழிக்காம விட்டிருப்பாங்க. சேர்ந்து இருந்துதுங்கிறதை மட்டும் எண்ணுற இயந்திரத்துக்கு இது நட்பாத் தெரியும். நடந்தது விவாகரத்து!

நமக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் சமையல் குறிப்பு எழுதுறவர். ரெண்டு கேஷையும் ஒண்ணா ஓட விட்டுட்டு, குறிப்புல உப்பு அளவைத் திருத்தினாலும் வாசகர்களுக்குப் பழைய அளவே தெரியுதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தார். "அண்ணே, பரிந்துரையில வந்துச்சு, அதான் போட்டேன்"னு சொன்னார். அவர் மேல என்ன தப்பு? ஒண்ணு இருக்கறப்பவே இன்னொண்ணை நீட்டினவனைத்தான் கேட்கணும்.

இதுவரைக்கும் சொன்னது எரிச்சல் ரகம். இனிமே சொல்லப் போறது பயம்.

டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்னு ஒரு ப்ளக்-இன் இருந்தது. எந்தப் பக்கத்துல எந்த விட்ஜெட் தெரியணும்னு தேர்ந்தெடுக்க உதவும், சின்ன வேலை, நல்ல பேரு. 2 லட்சம் தளங்கள்ல இருந்தது. 2017-ல எழுதினவர் அதை வித்துட்டாரு. வாங்கினவங்க அடுத்தடுத்த பதிப்புகள்ல பின்கதவு வச்சு, அடுத்தவன் தளத்துல எரிதப் பக்கங்களைச் சொருக ஆரம்பிச்சாங்க. கிடங்குல இருந்து எடுத்தாங்க, திரும்ப விட்டாங்க, மறுபடி எடுத்தாங்க. செப்டம்பர்லதான் ஒரு முடிவுக்கு வந்தது. அதே வருஷம் டிசம்பர்ல கேப்ட்சான்னு இன்னொண்ணு, 3 லட்சம் தளம், அதே கதை: கைமாறினது, பின்கதவு வந்தது. வேர்ட்பிரஸ் மட்டும்னு இல்ல. குரோம் உலாவியில 20 லட்சம் பேர் வச்சிருந்த தி கிரேட் சஸ்பெண்டரும் 2020-ல கைமாறி, 2021 பிப்ரவரியில தீங்கு நிரல்னு கூகிள் தூக்கிச்சு.

இதுல கவனிங்க. ப்ளக்-இன் கைமாறின அன்னிக்கு 'எத்தனை பேர் நிறுவியிருக்காங்க' கணக்குல ஒரு புள்ளி கூட மாறாது. யார் கூட சேர்ந்து இருக்குங்கிற உறவுக் கணக்கும் மாறாது. பழைய முதலாளியை நம்பிப் போட்ட ஓட்டு எல்லாம் அப்படியே புது முதலாளி பெட்டிக்குப் போயிடும். வாங்குறவன் விலை கொடுக்கிறது நிரலுக்குன்னு நினைக்கிறீங்களா? அந்த 2 லட்சத்துக்கு. நிறுவின எண்ணிக்கையை வச்சு சிபாரிசு பண்ற எந்த இயந்திரமும், திருடன் வாங்கின வீட்டுக்குப் பழைய வீட்டுக்காரரோட நற்சான்றிதழைக் காட்டிக்கிட்டே இருக்கும்.

பேரும் எண்ணிக்கையும் ஒட்டிக்கிட்டே கைமாறுறது திருட்டுல மட்டும்தான் நடக்கும்னு இல்ல. 2024 அக்டோபர்ல அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் ப்ளக்-இன்னோட இடத்தை வேர்ட்பிரஸ் கிடங்கே எடுத்து, வேற பேர்ல மாத்தி, ஏற்கெனவே போட்டிருந்த தளங்களுக்கும் புதுப்பிப்பா அனுப்பிச்சது. ரெண்டு நிறுவனங்களுக்கு நடுவுல நடந்த சண்டை அது. டிசம்பர்ல நீதிமன்ற உத்தரவுக்கு அப்புறம் பழையவங்க கைக்கே திரும்பிச்சு. யார் பக்கம் நியாயம்ங்கிறது தனிப் பஞ்சாயத்து, நான் அதுக்குள்ள போகல. பயனர்கள் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கல, எண்ணிக்கை மட்டும் அங்கேயும் இங்கேயும் போய்ட்டு வந்துதுங்கிறதுக்காகச் சொன்னேன்.

வேர்ட்பிரஸ்ல ஒவ்வொரு ப்ளக்-இன்னுக்கும் தளம் முழுக்க முழு அதிகாரம் உண்டு. இது பதிவைத் தொடலாம், அது தொடக் கூடாதுன்னு தனித்தனி அனுமதி கிடையாது. வாசல் கதவைத் திறக்கற ஒவ்வொரு சாவிக்கும் பீரோவும் திறக்கும். அப்படிப்பட்ட இடத்துல 'இன்னும் ஒண்ணு போட்டுக்கோங்க'ன்னு சொல்றது புத்தகக்கடையில இன்னொரு புத்தகம் காட்டுற மாதிரி லேசான விஷயம் இல்ல.

அதனாலதான் எடுக்கிற சிபாரிசு வேணும்ங்கிறேன். பட்டியல் அவங்ககிட்ட இருக்கு. ஒரு ப்ளக்-இன் கிடங்குல இருந்து தூக்கப்பட்டதா, எத்தனை வருஷமா யாரும் தொடலை, கைமாறிச்சா, இதெல்லாமும் அவங்ககிட்டயே இருக்கு. 2017-ல டிஸ்ப்ளே விட்ஜெட்ஸை எடுத்தப்போ, அதை வச்சிருந்தவங்க டாஷ்போர்டுல 'ஐயா, இதைக் கழட்டுங்க'ன்னு ஒரு சிவப்பு வரி வரல. கடையில இருந்து பொருளை எடுத்தாங்க, வாங்கிட்டுப் போனவங்க வீட்டுக்கு ஆள் அனுப்பல. அனுப்ப முகவரியும் இருந்தது!

அதே மாதிரி, இதைப் போட்டவங்கள்ல எத்தனை பேர் ஒரு மாசத்துல கழட்டினாங்கங்கிற கணக்கு. தினம் ரெண்டு தடவை பட்டியல் போகுதே, நேத்து இருந்தது இன்னிக்கு இல்லைன்னா தெரிஞ்சுடுமே. போட்டதை விடக் கழட்டினதுதான் உண்மையான அபிப்பிராயம். ஹோட்டலுக்கு எத்தனை பேர் போனாங்கங்கிறது போர்டு பார்த்து. திரும்ப எத்தனை பேர் போனாங்கங்கிறதுதான் சாம்பார் பார்த்து.

முழுக்க ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லல. 2019 மே மாசம் 5.2-ல வந்த தள நலம் பக்கம், சும்மா முடக்கி வச்சிருக்கிற ப்ளக்-இன்களை எடுக்கச் சொல்லுது. நல்ல ஆரம்பம், ஆனா ஓடிக்கிட்டிருக்கிறதுல எது ஆபத்து, எது ரெட்டைன்னு சொல்லாது. 2024 ஏப்ரல்ல 6.5-ல, எனக்கு இன்ன ப்ளக்-இன் வேணும்னு எழுதினவரே முறையா அறிவிக்கிற வசதி வந்தது. இது ஊகம் இல்ல, எழுதினவரோட வாக்குமூலம். இதே மாதிரி 'நானும் அவனும் ஒரே வீட்டுல இருக்க முடியாது'ன்னு அறிவிக்கவும் ஒரு வழி வச்சா அந்த உப்புத் தம்பி பிழைப்பார்.

மத்த இடங்கள்ல பாடம் இருக்கு. ஃபயர்ஃபாக்ஸ் 2019-ல ஆளுக்குத் தகுந்த நீட்சி சிபாரிசு கொண்டு வந்தப்போ, வேணாம்னா அணைக்க அமைப்புகள்ல ஒரு கட்டத்தையும் வச்சது. அதே வருஷம் இன்னொண்ணும் பண்ணினாங்க: மனுஷங்க உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு புதுப்பிப்பையும் பரிசோதிச்சு, அப்புறம்தான் 'பரிந்துரைக்கப்பட்டது'ன்னு முத்திரை. கைமாறினாலும் அடுத்த பதிப்பை ஒருத்தர் திறந்து பார்ப்பாருங்கிற நிம்மதி. நிரல் எழுதுறவங்க விஎஸ் கோட்ல இன்னும் அழகு. ஒரு திட்டத்துக்கு என்னென்ன நீட்சி வேணும்னு அந்தக் குழுவே ஒரு கோப்புல எழுதி வைக்கலாம். அதே கோப்புல 'இதையெல்லாம் இங்க சிபாரிசு பண்ணாதே'ன்னும் தனியா ஒரு பட்டியல் போடலாம். அந்த ரெண்டாவது பட்டியலைப் பார்த்ததுல இருந்துதான் எனக்கு இந்த யோசனையே.

இயந்திரம் பண்ற வரைக்கும் நாமளே பண்ணலாமே. 'என் பதிவுல இருக்கிற டாப் 10 ப்ளக்-இன்கள்'னு நாம எல்லாரும் ஒரு பதிவு போட்டிருக்கோம், போதும். இந்த தடவை கழட்டினதை எழுதுங்க. எதைக் கழட்டினீங்க, ஏன், கழட்டினப்புறம் என்ன ஆச்சு.

நானே பிள்ளையார் சுழி போடுறேன். முகப்புல படம் ஓடுற ஸ்லைடரைக் கழட்டினேன். அதோட வேலை பக்கம் திறக்கறதைத் தாமதப்படுத்தறது மட்டும்தான், யாரும் ரெண்டாவது படம் வரைக்கும் காத்திருக்கல. எத்தனை பேர் பகிர்ந்தாங்கன்னு எண்ணிக்கை காட்டினதைக் கழட்டினேன். பூஜ்யம் பூஜ்யம்னு ஊருக்கே காட்டிக்கிட்டிருந்தது, ஹி ஹி. உடைஞ்ச சுட்டிகளைத் தேடுறது ஒண்ணு, வழங்கிக்கு மூச்சு வாங்க வச்சதால கழட்டி, இப்ப மாசத்துக்கு ஒரு தடவை வெளியில இருந்து தேடிக்கிறேன். தொடர்புடைய பதிவு காட்டுறது போச்சு, நானே கையால ரெண்டு சுட்டி கீழ போடுறேன். 19 இருந்தது, இப்ப 7. ஹலோ டாலியை மட்டும் விட்டு வச்சிருக்கேன், மூலையில ஒரு பாட்டு வரி வந்துட்டுப் போகுது, பாவம்.

டிஸ்கி: இந்தப் பதிவோட முகவரியை நான் கையாலதான் சுருக்கினேன். தலைப்பை அப்படியே விட்டிருந்தா 'சேர்க்கச்'ங்கிறதைத் தாண்டுறதுக்குள்ள 200 தீர்ந்திருக்கும்.